புதிரின் நியாயம்: சாகச விளையாட்டுகளும் யாழ்ப்பாணத்து அறிவும்

விடை தெரிந்த பிறகு ஒரு புதிர் இரண்டில் ஒன்றைச் செய்யும். ‘அட, இது எனக்கு ஏன் தோன்றவில்லை’ என்று நெற்றியில் தட்டிக்கொள்ள வைக்கும். அல்லது ‘இதை எவன் கண்டுபிடிப்பான்’ என்று சலிக்க வைக்கும். இரண்டு புதிர்களும் ஒருவரை ஒரே அளவு நேரம் திணறடித்திருக்கலாம். ஆனால் முதலாவதைப் போட்டவர்மேல் மதிப்பு வருகிறது, இரண்டாவதைப் போட்டவர்மேல் கோபம் வருகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இதை ஆராய மிகப் பொருத்தமான களம், 1980களிலும் 90களிலும் செழித்த சுட்டிச் சாகச விளையாட்டு. மவுஸால் ஒரு பொருளைச் சுட்டி, எடுத்து, இன்னொன்றோடு சேர்த்து, வழியில் நிற்பவர்களோடு பேசி, கதையை நகர்த்தும் நகைச்சுவைக் கணினி விளையாட்டு அது. கடினமான புதிர்களால் புகழ் பெற்றதும், அவற்றாலேயே பேர் கெட்டதும் அந்த வகைதான். அதன் வெற்றி தோல்விகளை நிரைப்படுத்திப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம்: புதிரின் நியாயம், அதைப் போடுபவரும் அவிழ்ப்பவரும் பகிர்ந்துகொள்ளும் அறிவில் இருக்கிறது. அந்த அறிவு மண்ணில் நிறையக் கிடக்கும் இடம் யாழ்ப்பாணக் குடாநாடு. இங்கிருந்து இப்படியொரு விளையாட்டு வரவேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள்.

வகை உருவான விதம்

தொடக்கத்தில் படமே இல்லை. 1970களின் நடுப்பகுதியில் வில் குரவுதர் எழுதி, 1977இல் டொன் வூட்ஸ் விரித்த ‘அட்வென்சர்’ முழுக்க எழுத்தால் ஆனது. விளையாடுபவர் கட்டளையைத் தட்டச்சுச் செய்வார். கணினி விடை சொல்லும். 1980இல் ரொபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் ‘மிஸ்டரி ஹவுஸ்’ விளையாட்டில் கோட்டுப்படங்களைச் சேர்த்தார்கள். பின்னாளில் சியரா எனப் பெயர் பெற்ற அவர்களுடைய நிறுவனம் 1984இல் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ தொடரைத் தொடங்கியது.

அடுத்த திருப்பம் 1987இல் வந்தது. லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் ரொன் கில்பேர்ட்டும் கேரி வினிக்கும் உருவாக்கிய ‘மேனியாக் மான்ஷன்’, தட்டச்சை நீக்கிவிட்டுத் திரையின் அடியில் வினைச்சொற்களை அடுக்கி வைத்தது. எடு, கொடு, திற, தள்ளு என்பவற்றில் ஒன்றைச் சொடுக்கி, பிறகு பொருளைச் சொடுக்கினால் போதும். கணினி எந்தச் சொல்லை எதிர்பார்க்கிறது என்று ஊகிக்கும் வேதனை ஒழிந்தது. 1989இல் கில்பேர்ட், சாகச விளையாட்டுகள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். பாறைப் பிளவு முதலில் தெரியவேண்டும், அதில் இறங்க உதவும் கயிறு பிறகு கிடைக்கவேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. தேவை தெரியாமல் கையில் கிடைக்கும் பொருள் சுமை. தேவை தெரிந்தபின் கண்ணில் படும் பொருள் கண்டுபிடிப்பு. மறுஆண்டு வெளிவந்த ‘த சீக்ரெட் ஒஃப் மங்கி ஐலண்ட்’ அந்தக் கொள்கைகளின் செயல்வடிவம். அதில் வீரன் சாவதில்லை என்றே சொல்லிவிடலாம். எங்கேயும் மீளமுடியாமல் மாட்டிக்கொள்வதும் இல்லை.

சினமூட்டிய புதிர்கள்

பேர் கெட்ட புதிர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, காலம் கடந்து தண்டிப்பது. 1990இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ விளையாட்டில் ‘பை’ எனும் இனிப்புப் பலகாரம் ஒன்று கிடைக்கும். வழியில் பசி வரும்போது அதை உண்டுவிடலாம், விளையாட்டு தடுக்காது. பனிமலையில் ஒரு ராட்சத மிருகம் எதிர்ப்படும்போதுதான் அந்தப் பலகாரத்தை அதன் முகத்தில் எறியவேண்டும் என்பது தெரியவரும். உண்டவருக்குத் திரும்ப வழியில்லை. தவறு நேர்ந்த இடமும் தண்டனை கிடைக்கும் இடமும் வெகு தொலைவில் இருப்பதால் அவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அக்காலத்து நிறுவனங்கள் விடைப் புத்தகங்களை விலைக்கு விற்றன. கட்டணத் தொலைபேசியில் விடை சொன்னார்கள். மாட்டிக்கொண்டவர் வாடிக்கையாளராகவும் ஆனார் என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாம் வகை, தன் விதியைத் தானே மீறுவது. 1996இல் வெளிவந்த ‘புரோக்கன் ஸ்வோர்ட்’ நிதானமாக யோசித்து ஆடும் விளையாட்டு, அவசரம் அரிது. அயர்லாந்துக் கோட்டையொன்றில் மட்டும் ஒரு ஆடு முட்டித் தள்ளும். விழுந்தவன் எழும் கணத்துக்குள் பக்கத்திலுள்ள இயந்திரத்தைச் சொடுக்கினால்தான் ஆடு சிக்கும். அதுவரை வேகத்தைக் கேட்காத விளையாட்டு திடீரென வேகத்தைக் கேட்டது. பல ஆயிரம் பேருக்கு அந்த ஆடு இன்றும் கெட்ட கனவு.

மூன்றாம் வகை, காரண காரியத் தொடர்பே இல்லாதது. 1999இன் ‘கேப்ரியல் நைட் 3’ இதற்குப் பேர்போனது. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுக்க, வீரன் தன் நண்பனைப்போல வேடமிட வேண்டும். பூனை நுழையும் ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, அதில் சிக்கும் பூனை மயிரை எடுத்து, இனிப்புப் பாகால் உதட்டின்மேல் ஒட்டி மீசையாக்க வேண்டும். நண்பனுக்கோ மீசையே கிடையாது. அதனால் அவனுடைய கடவுச்சீட்டுப் படத்தில் பேனாவால் மீசை வரைய வேண்டும். 2000ஆம் ஆண்டில் ‘ஓல்ட் மேன் மரி’ தளத்தில் எரிக் வூல்போ இந்தப் புதிரைப் படிப்படியாக விவரித்து, சாகச விளையாட்டு தற்கொலை செய்துகொண்டது என்று தீர்ப்பளித்தார். அதே வூல்போ 2007இல் ‘போர்ட்டல்’ விளையாட்டை எழுதியவர்களுள் ஒருவரானார். ஒவ்வொரு விதியையும் முதலில் கற்பித்து, பிறகே சோதிக்கும் புதிர்களுக்கு அது இன்றும் பாடநூல்.

நான்காம் வகைதான் நம் கேள்விக்கு நெருக்கமானது: ஒரு ஊர்க்காரருக்கு மட்டுமே விளங்குவது. ‘மங்கி ஐலண்ட் 2’ விளையாட்டில் நீர்க்குழாய் ஒன்றைத் திருக ஒரு குரங்கை மயக்கி எடுத்துச் சென்று திருகுகருவியாகப் பயன்படுத்த வேண்டும். அந்தக் கருவியின் அமெரிக்கப் பெயரில் குரங்கு இருக்கிறது என்பதே முழுப் புதிரும். ஆங்கிலம் பேசும் இங்கிலாந்துக்காரருக்குக்கூட அது எளிதில் பிடிபடவில்லை. 1993இன் ‘டே ஒஃப் த டென்டக்கிள்’ விளையாட்டில் ஒரு மரத்தின் பழங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினால் ஜோர்ஜ் வோஷிங்டன் வந்து அதை வெட்டுவார். அவர் சிறுவயதில் செரி மரத்தை வெட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அது குலுங்கச் சிரிக்கும் புதிர். பருத்தித்துறையில் வளர்ந்த குழந்தைக்கு அது வெறும் சாயம்.

அதே விளையாட்டின் இன்னொரு புதிரைப் பாருங்கள். கடந்த காலத்தில் இருப்பவன் ஒரு வைன் போத்தலை நிலத்தில் புதைக்கும் பேழைக்குள் வைக்கிறான். 400 ஆண்டுகள் கழித்து, எதிர்காலத்தில் இருப்பவள் பேழையைத் திறக்கும்போது அது வினாகிரியாக இருக்கிறது. கடந்த காலத்தில் இருப்பவனுக்கு வேண்டியதும் வினாகிரிதான்; அவள் அதை அவனுக்குத் திருப்பி அனுப்புகிறாள். புளித்த பானம் மேலும் புளிக்கும் என்பது உலகமறிந்தது. எந்த நாட்டவரும் சிரித்துக்கொண்டே அவிழ்க்கலாம். ஒரே கைகளில் உருவான இரண்டு புதிர்களுள் ஒன்று கடல் கடந்தது. மற்றது கரையிலேயே நின்றுவிட்டது.

சிரிப்பின் வேலை

இந்த வகையின் நல்ல ஆக்கங்களில் நகைச்சுவை மேற்பூச்சாக இருப்பதில்லை. தோல்வியைத் தாங்கவைக்கும் சம்பளமாக இருக்கிறது. பிழையான பொருளைப் பிழையான இடத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நல்ல பதில் கிடைத்தால், முயற்சி வீணாவதில்லை. ‘இது வேலை செய்யாது’ என்ற ஒரே வரி நூறு தடவை வந்தால் யாருக்கும் சலிக்கும்.

இதன் உச்சம் ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டின் வாட்போர். அங்கே வாளைவிட வாய்க்குத்தான் வேலை. எதிரி ஒரு வசை சொல்வான். அதற்குப் பொருத்தமான பதிலடி சொன்னால் ஒரு அடி முன்னே போகலாம். தொடக்கத்தில் கையில் ஒன்றிரண்டு பதில்களே இருக்கும். தோற்றுத் தோற்றுத்தான் புதியவற்றைக் கற்கவேண்டும். கடைசியில் வாள்வித்தைத் தலைவியோ இதுவரை கேட்காத வசைகளைச் சொல்வாள். கற்ற பதில்களையே அவற்றுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தால் வெல்லலாம். ஒவ்வொரு தோல்வியும் கையிருப்பைக் கூட்டுகிறது, ஒவ்வொரு தோல்வியும் சிரிக்க வைக்கிறது. கடினமும் நியாயமும் கைகோத்து நடக்கும் இடம் அது.

வெட்டிப் பேசும் இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. காளமேகத்தின் சிலேடைகளை நினைவில் வைத்திருக்கும் மொழி இது. குடாநாட்டில் கரவெட்டி தந்த சி. சிவஞானசுந்தரம், ‘சிரித்திரன்’ இதழை 1960களில் தொடங்கி நீண்டகாலம் நடத்தினார். சவாரித்தம்பர், சின்னக்குட்டி ஆகிய கேலிச்சித்திரப் பாத்திரங்களும், மகுடி என்ற பெயரில் அவர் எழுதிய கேள்வி பதிலும் ஒரு தலைமுறையின் சிரிப்பைச் செதுக்கின. சுருக்கமான கேள்வி, அதைவிடச் சுருக்கமான குத்தலான பதில் என்ற அந்த வடிவம், உரையாடலால் நகரும் விளையாட்டுக்கு ஆயத்தமாகக் கிடக்கும் முதல்.

நொடி சொல்லும் இலக்கணம்

புதிர் போடுவதில் தமிழின் அனுபவம் நீண்டது. தொல்காப்பியச் செய்யுளியல், பிசி என்ற பெயரில் விடுகதையை ஒரு யாப்பு வகையாகவே எண்ணுகிறது. ஈழத்தில் நொடி என்றும் வழங்கும் விடுகதை, பள்ளிக்கூடத்துக்கு முன்பே பிள்ளைக்குக் கிடைக்கும் தருக்கப் பயிற்சி.

அதன் இலக்கணத்தைப் பார்க்க, புதிதாக ஒன்றைக் கட்டிப் பார்ப்போம்: ‘ஒரு முனை குனிந்தால் மறு முனை நிமிரும், மேலே நடப்பவனுக்கு ஊர் போய்ச் சேராது, அவன் நடை நிற்காதவரை பயிருக்குத் தாகம் இல்லை.’ விடை, துலா. கிணற்றடியில் ஒருவர் துலாமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, இன்னொருவர் பட்டையால் இறைக்க, வாய்க்கால் வழியே நீர் தோட்டத்துக்கு ஓடுவதைக் கண்டவருக்கு மூன்று வரியும் உண்மை. விடையைக் கேட்டதும் ஒவ்வொரு வரியையும் திரும்பிச் சரிபார்க்கலாம். பொய்யான வரி ஒன்றுமில்லை. துலாவைக் கண்டிராத இன்றைய சிறுவனுக்கோ அதே நொடி அநியாயம். வரிகள் மாறவில்லை, பகிர்ந்த அறிவு இல்லாமற் போய்விட்டது.

அவையில் நொடி போடுபவர் எதிரில் இருப்பவரின் வயதைப் பார்க்கிறார். விழிப்பவரைக் கண்டால் இன்னொரு அடையாளம் சொல்கிறார், தேவையானால் இன்னொன்று. விடையை ஒரேயடியாகப் போட்டுடைப்பதில்லை. விளையாட்டு நிறுவனங்கள் இதைக் கண்டடையப் பல்லாண்டுகள் எடுத்தன. 2017இல் வந்த ‘திம்பிள்வீட் பார்க்’ இலகு, கடினம் என இரண்டு நிலைகளைத் தந்தது. 2022இன் ‘ரிட்டேர்ன் டு மங்கி ஐலண்ட்’, படிப்படியாகத் துப்புச் சொல்லும் புத்தகத்தை வீரனின் சட்டைப்பைக்குள்ளேயே வைத்தது. கட்டணத் தொலைபேசியில் தொடங்கிய வணிகம் கடைசியில் திண்ணையின் நாகரிகத்துக்கு வந்து சேர்ந்தது.

தடைக்காலத்துக் கைவேலை

‘மங்கி ஐலண்ட்’ வெளியான 1990ஆம் ஆண்டில் குடாநாட்டின் மின்விளக்குகள் அணைந்தன. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் மின்சாரம் நின்றது; எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என நீண்ட தடைப்பட்டியல் வந்தது. சுட்டிச் சாகச விளையாட்டின் பொற்காலம் முழுவதையும் இங்குள்ள ஒரு தலைமுறை தவறவிட்டது. கணினி இருந்தாலும் அதை உயிர்ப்பிக்க மின்சாரம் இல்லை.

ஆனால் அந்த வகையின் அடிப்படைச் செயலை, ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்து மூன்றாவது வேலையை முடிப்பதை, வாழ்க்கை அந்தத் தலைமுறையிடம் தினமும் கேட்டது. செய்தி கேட்க வானொலி இருந்தது, பற்றரி இல்லை. சைக்கிளில் டைனமோ இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்தார்கள். ஒருவர் சுழற்ற, மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் உயிர் எடுத்தார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறு திரி போட்டு, துளி மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைச் சிறிது பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

அது விளையாட்டல்ல, அதற்குப் பின்னால் இழப்பும் அச்சமும் இருந்தன. எனவே அதைக் கேலிப்பொருளாக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆயினும் அதைக் கடந்தவர்கள் இன்று அதைச் சொல்லும்போது முதலில் வருவது சிரிப்பும் பெருமிதமும்தான். இந்தத் தீர்வுகள் ஒவ்வொன்றும் நியாயமான புதிரின் இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துகின்றன. தேவை முதலில் தெரிந்தது. பொருட்கள் கண்முன்னால் கிடந்தன. இயற்கை விதி யாருக்கும் பொதுவானது. கடினம், ஆனால் பொய்யில்லை. பூனைமயிர் மீசையோடு இதை ஒப்பிட்டால் நல்ல புதிர் எங்கிருந்து பிறக்கிறது என்பது விளங்கும். யோசனை வறண்டவர் விசித்திரத்தைத் தேடுகிறார்; வாழ்ந்தவருக்குக் காரணமே விசித்திரமாகக் கிடைக்கிறது.

‘வெண்பா’ காட்டிய வழி

ஊர் அறிவில் புதிரைக் கட்டினால் வெளியூரார் தவிப்பார்களே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை ஒரு தமிழ் விளையாட்டிலேயே இருக்கிறது. ரொறன்ரோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. 1988இல் தொடங்குகிறது. தாயின் சமையற் குறிப்பேடு கிழிந்து, மங்கி, பாதி அழிந்திருக்கிறது. விடுபட்ட படிகளை ஊகித்து உணவைச் சமைப்பதே புதிர்.

இட்லிப் புதிரை எடுத்துக்கொள்வோம். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது என்ற இடத்தில் குறிப்பு அழிந்திருக்கிறது. தட்டின் துளைகளைக் கவனிப்பவர், நீராவி கீழிருந்து மேலே போக வழி விட்டு, தட்டுகளை மாற்றி மாற்றி வைக்கவேண்டும் என்று உணர்கிறார். நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை இது. இட்லியைக் கண்டேயிராதவருக்கும் நீராவி தெரியும், துளை தெரியும். ஊர் அறிவை உலகறிந்த விதியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்; அதனால் நாம் பெருமையோடும் அவர்கள் வியப்போடும் அதே விடைக்கு வருகிறோம். 2024இல் இதற்குச் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், பிரித்தானிய பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் கிடைத்தன. தமிழ்ச் சமையலறை உலக மேடைக்குப் போக, தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாதிரிப் புதிர்

குடாநாட்டில் நடக்கும் ஒரு விளையாட்டில் இந்தப் பாடத்தை எப்படிப் பொருத்தலாம்? பனையையே எடுத்துக்கொள்வோம். பாளை சீவி முட்டி கட்டினால் இறங்குவது சாறு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் இனிக்கும் கருப்பநீர்; தடவாவிட்டால் கள்ளு. கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. புளித்த கள்ளை எவ்வளவு காய்ச்சினாலும் பனங்கட்டி வராது, ஏனென்றால் சர்க்கரை ஏற்கெனவே மதுசாரமாகிவிட்டது.

விளையாட்டில், ஆச்சிக்கு ஒரு குட்டான் பனங்கட்டி வேண்டும். கொழும்பிலிருந்து பேரன் வந்திருக்கிறான். மரத்தடியில் இரண்டு முட்டிகள் கிடக்கின்றன. ஒன்றின் உள்ளே வெள்ளைக் கறை. பேரன் கறையில்லாத முட்டியைக் கட்டச் சொல்லி, இறக்கியதைக் காய்ச்சுகிறான். வாசனை பிடித்து அயலவர்கள் ஒவ்வொருவராகப் படலையைத் திறந்துகொண்டு வருகிறார்கள். சட்டியில் பனங்கட்டி மட்டும் இல்லை. தோல்விக்கு ஒரு சிரிப்பு. ஆச்சி முதல் துப்பைச் சொல்கிறார்: “மோனை, முட்டியை ஒருக்காக் கவிட்டுப் பாத்தனியே?” அப்போதும் விளங்காவிட்டால் வெற்றிலைத் தட்டத்தை மெல்ல அவன் பக்கம் நகர்த்துகிறார். சுண்ணாம்பு அங்கே, ஆட்டத்தின் முதற்காட்சியிலிருந்தே கண்முன்னால் இருந்திருக்கிறது.

தேவை முதலில் தெரிகிறது. விதி கறையாகக் காட்டப்படுகிறது. தவறினால் மீளலாம். துப்பு, அந்த வீட்டில் அந்த மனிதர் சொல்லக்கூடிய வகையிலேயே வருகிறது. பனையேறாத ஊரில் பிறந்தவரும் இதை அவிழ்ப்பார். அவிழ்த்தபின் பனையைப் பற்றி ஒரு உண்மையும் அவருக்குச் சொந்தமாகும். இதுபோல நீத்துப்பெட்டியில் அவியும் புட்டு, ஒடியலாகக் காயும் பனங்கிழங்கு, வற்றிப் பெருகும் கடலேரி, ஆழம் காண முடியாது என்று கதை வளர்ந்த நிலாவரைக் கிணறு என ஒவ்வொன்றிலும் ஒரு காரணமும் ஒரு கதையும் கிடக்கின்றன.

கருவிகளும் அடுத்த அடியும்

கருவிகள் இப்போது எட்டும் தூரத்தில் உள்ளன. சுட்டிச் சாகச விளையாட்டுகளுக்கென்றே அமைந்த அட்வென்சர் கேம் ஸ்ரூடியோ இலவசம். தமிழ் எழுத்துதான் நீண்டகாலத் தடை: பழைய இயந்திரங்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். 2023இல் வெளிவந்த கோடோ 4 என்ற விளையாட்டு இயந்திரம், சிக்கலான எழுத்துமுறைகளை முறையாகக் கோக்கும் வசதியோடு வந்ததால் இனி வசனத்தைப் படமாக்கி ஒட்டவேண்டியதில்லை. பழைய ஆக்கங்களைப் படிக்க விரும்புவோருக்கு அவற்றை இன்றைய கணினிகளில் இயக்கும், 2001 முதல் வளர்ந்துவரும் ஸ்கம்விஎம் மென்பொருள் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பட்டதாரிகளும், யாழ் ஐ.ரி. ஹப் நடத்தும் யாழ் கீக் சலேஞ்ச் போன்ற போட்டிகளும் குடாநாட்டில் ஆளணி இருப்பதைக் காட்டுகின்றன. ஓவியரும் நாடகக்காரரும் நொடி அறிந்த மூத்தவர்களும் அந்த ஆளணியோடு ஒரே மேசையில் அமர்வதுதான் இன்னும் நடக்கவேண்டியது.

அவர்களுக்கு இந்த ஆய்வு தரும் அறிவுரை சுருக்கமானது. புதிரைக் கடினமாக்கத் தயங்கவேண்டாம். திணறலும் இந்த விளையாட்டின் இன்பமே. ஆனால் ஒவ்வொரு புதிரையும் வெளியிடுமுன் இரண்டு பேரிடம் காட்டவேண்டும். துலா மிதித்த ஒருவர் அதைப் பார்த்து ‘இது பொய்’ என்று சொன்னால் திருத்தவேண்டும். துலாவையே காணாத ஒரு பிள்ளை, துப்புகள் எல்லாம் கிடைத்தும் அவிழ்க்க முடியாமல் இருந்தால் அப்போதும் திருத்தவேண்டும். முதலாமவரிடம் தேறுவது உண்மை. இரண்டாமவரிடம் தேறுவது நியாயம். இரண்டிலும் தேறிய புதிர், தெரிந்தவருக்கு மட்டும் உரிய அறிவைத் தெரியாதவருக்கும் உரியதாக்குகிறது. தலைமுறைகளும் கண்டங்களும் பிரிந்து கிடக்கும் ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பயனுள்ள விளையாட்டு வேறு இல்லை.